ஒரு கொத்துத் தவிடு

"வாயத் தொறந்து பல்லு பாக்குறதுக்கு எம்புள்ள என்னா சந்தையில கட்டிப்போட்ட கன்னுக்குட்டியா? கைய எடு நோனா."

இராஜகுமாரி இதைச் சிங்களத்தில் சொன்னாள். தமிழில் சொல்லியிருந்தால் சங்கத்து நோனாவுக்கு, அந்தச் சிங்கள அம்மாவுக்கு, விளங்கியிருக்காது. விளங்க வேண்டும் என்றுதான் சிங்களத்தில் சொன்னாள். மாவுக்கும் பிஸ்கட்டுக்கும் வரிசையில் நின்ற நாங்கள் எல்லாரும் நோனாவின் முகத்தைப் பார்த்தோம். எனக்கு முன்னால் நின்ற அவள் புருஷன் பழனிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"குமாரி, சும்மா இரு. மாவு குடுக்காமப் போயிருவாங்க."

"மாவு குடுக்க வந்தா மாவக் குடுக்கட்டும். புள்ள வாயிக்குள்ள இவளுக்கு என்னா வேல?"

நோனா கோபப்படவில்லை. விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தொரசாணியிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னாள். பிறகு இராஜகுமாரியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னும் பல்லு வரல்ல. நல்லது."

அந்த "நல்லது" எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. பல் வராத பிள்ளையைப் பார்த்து நல்லது என்று சொல்ல இராஜகுமாரிக்கு ஒரு காரணம் இருந்தது. நோனாவுக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

இராஜகுமாரியின் காரணம் இதுதான். இடுப்பில் இருந்தது அவளுக்கு நாலாவது பிள்ளை. அதற்கு முன் பிறந்த மூன்றும் முதல் பல் ஈறைக் கிழிக்கிற நேரத்தில் போய்விட்டன. ஒன்றுக்குக் காய்ச்சல். ஒன்றுக்கு வயிற்றோட்டம். மூன்றாவதற்கு என்ன என்றே தெரியாது. விடியற்காலையில் பால் குடித்தது. அவள் றப்பர் மலையில் பால்வெட்டு முடித்துத் திரும்பியபோது வேலைக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பிரா ஆயா அதைத் துணியால் மூடி வைத்திருந்தாள். பஞ்சகாலம் அது. மரவள்ளியும் கிடைக்காமல் பலாப்பிஞ்சை அவித்துத் தின்றோம். பசிதான் பிள்ளைகளைக் கொண்டுபோனது என்று நான் சொல்வேன். அவள் கேட்கமாட்டாள்.

"பசி எல்லாப் புள்ளைக்கும் தானக்கா. எம்புள்ளைக்கு மட்டும் ஏன் பல்லு பாத்து வருது?"

 

நாலாவது பெண். அதற்கு அவள் பேர் வைக்கவில்லை. "ஏய்" என்பாள், "இந்தா" என்பாள். பேர் வைத்தால் கூப்பிட ஆள் வரும் என்று பயம்.

எங்கள் தோட்டம் தெரணியகலைக்கு மேலே. நாங்கள் இருந்தது கீழ்க்கணக்கு என்கிற கீழ்ப்பிரிவில், வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீட்டில். மலைக்கு அந்தப் பக்கம் ஆறு, ஆற்றோரம் வாடிவீடு. வெள்ளைக்காரர்கள் அங்கே வந்து தங்குவார்கள், குளிப்பார்கள், ஓடம் ஓட்டுவார்கள், எங்கள் மலையைப் படம் பிடிப்பார்கள். அழகான மலை என்பார்களாம். அழகுதான். அவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தால் லயத்துக் கூரையும் தெரியாது, வாசலில் ஓடுகிற பீக்கான் சாக்கடையும் தெரியாது. பழைய வெள்ளைத் தொரைமார் தோட்டத்தை அரசாங்கத்திடம் விட்டுப் போனார்கள். கொஞ்ச காலம் கழித்து இந்தப் புது வெள்ளைக்காரர்கள் வேனில் வந்தார்கள். ஆற்றில் குளித்து அலுத்தவர்களை ஏழைகளைப் பார்க்கக் கூட்டிவந்தவள் அந்த நோனா. கொழும்புக்காரி. ஏதோ தர்மச் சங்கம் என்றாள்.

முதல் தடவை கம்பளிக் கோட்டுகள் கொண்டுவந்தார்கள். பனி கொட்டுகிற நாட்டுக் கோட்டு. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டால் ஆள் வெந்துபோவான். எனக்குக் கிடைத்ததைக் கோழி முட்டையிட விரித்தேன். கோழிக்கே பிடிக்கவில்லை. அடுத்த தடவையிலிருந்து மாவு, பிஸ்கட், பால்மா. அது தேவைப்பட்டது, நின்றோம். அந்த மாவு இல்லாவிட்டால் அந்த ஆடி மாதம் எங்கள் லயத்தில் பல அடுப்புகள் எரிந்திருக்காது. இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் நோனாவின் கண் மாவு மூட்டையை விட்டு எங்கள் இடுப்புகளுக்கு வரும். யார் இடுப்பில் கைக்குழந்தை என்று தேடும். அப்பன் இருக்கிறானா, வீட்டில் எத்தனை பேர், தாய்ப்பால் போதுமா, பல் வந்ததா என்று கேட்பாள். வளர்ந்த பிள்ளைகள் கை நீட்டினால் முகத்தைப் பார்க்காமலே பிஸ்கட்டைப் போடுவாள். கைக்குழந்தை என்றால் குனிவாள்.

இராஜகுமாரிக்கு அந்தப் பேரை வைத்தது அவளைப் பெற்றவள் இல்லை. பழைய கங்காணியின் பெண்சாதி வைத்தாள். ஏனென்றால் அவள்தான் இராஜகுமாரியை விலைக்கு வாங்கினவள்.

பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் ஆட்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பிள்ளையைச் சுளகில் குப்பையோடு கிடத்தி, பிள்ளை சாகாத வீட்டுக்காரி ஒருத்திக்கு ஒரு கொத்து அளவு தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வாங்கினவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்தைத் தாண்டி, கான் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். பெற்றவள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அவள் மட்டும் இல்லை, அங்கே நிற்கிற எல்லாரும் முதுகு காட்டி நிற்க வேண்டும். யாராவது பார்த்தால், பிள்ளையைத் தேடி வருகிற சாவுக்கு அந்தப் பார்வையே வழி காட்டிவிடும். வாங்கினவள் போன வழியில் வராமல் வேறு வழியாகத் திரும்பி வந்து, "இது எம்புள்ள, கொஞ்ச நாளைக்கு வளத்துக் குடு" என்று வாசலில் விட்டுப்போவாள். காது குத்துகிற வயதில் அதே போல ஒரு கொத்துத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் யார் வந்து கேட்டாலும் பெற்றவள் "வித்துட்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "எம்புள்ள" என்று ஒரு தடவை வாயில் வந்தால் போதும். விற்றது விற்றதாகாது. பிள்ளை தங்காது.

இராஜகுமாரியின் தாய் இதை இரும்பு மாதிரிக் காத்தாள். பெற்ற மகளே அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு நாள் சின்னவளாக இருந்த இராஜகுமாரி பசியில் "அம்மா" என்று கத்திவிட்டாள். அகப்பையாலேயே வாயில் போட்டாள் தாய். மேல் உதட்டில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. அந்த அடியில்தான் இராஜகுமாரியின் நாக்கு கூர் ஏறியது என்று லயத்தில் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

"அஞ்சு செத்து ஆறாவதா நான் ஒருத்திதான நின்னேன். தவிட்டுக்கு வித்ததாலதான் நிக்கிறேன்."

அப்படி நின்றவள் அதை நம்பாமல் எதை நம்புவாள்?

பிள்ளைக்கு எச்சில் ஊறத் தொடங்கியதும் அவள் வாங்குகிறவளைத் தேடத் தொடங்கினாள். எங்கள் லயத்தில் ஆள் இல்லை. எதிர் லயத்திலும் இல்லை. பஞ்சத்தில் ஒன்றையாவது புதைக்காத வீடு கீழ்க்கணக்கில் கிடையாது. நானே இரண்டைப் புதைத்தவள். பழைய கங்காணி குடும்பம் எப்போதோ அக்கரைக்கு, இந்தியாவுக்கே, கப்பலேறிவிட்டது. அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு தெரணியகலைக் கடைத்தெருவுக்குப் போனாள். அங்கே கபூர் நானாவின் கடையை நடத்தியது அவர் பெண்சாதி மைமூனா. ஏழு பெற்று ஏழும் உயிரோடு இருந்தன.

"மைமூனாக்கா, வேற ஒண்ணும் வேணாம். ஒரு கொத்துத் தவிட்ட என் கையில குடுத்துட்டு, புள்ளயத் தூக்கிக்கிட்டு அந்த மூலைக்குப் போய்ட்டு வாங்க. வந்து என்கிட்டயே விட்ருங்க."

மைமூனா தலை முக்காட்டை இழுத்துக்கொண்டாள். "எங்கட மார்க்கத்துல இது கூடாது புள்ள. புள்ளய விக்கிற வாங்குற பேச்சே எனக்குப் பயம். நான் துஆ கேக்கிறன். வேணுமெண்டா ஒரு பால்மா கொண்டு போங்க."

"பால்மா சங்கத்துல குடுக்கிறாங்க."

"ஆரு, அந்த வேன்காரங்களா?" மைமூனா குரலைத் தாழ்த்தினாள். "மேக்கணக்குல ஒரு புள்ளய வயித்துநோவு பாக்க எண்டு கொழும்புக்குக் கூட்டிப் போனாங்களே. இன்னம் வரல்ல. தெரியாதா ஒங்களுக்கு?"

"ஆஸ்பத்திரியில இருக்கும்," என்றேன் நான்.

"ஈக்கும்," என்றாள் மைமூனா. அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை.

இராஜகுமாரி புறப்படும்போது ஒரு கொத்துத் தவிடு வாங்கினாள். அறுபத்தைந்து சதம். கோழி இல்லாதவளுக்குத் தவிடு எதற்கு என்று மைமூனா கேட்கவில்லை. துணியில் கட்டும்போது இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

பழனிமுத்து நல்லவன். ஆனால் ஈரவிறகு. புகைவான், எரியமாட்டான். அவன் ஒரு யோசனை கொண்டுவந்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நாங்கள் அவர்களுடைய லயத்து அறையில், அந்தக் காம்பிராவில், பால் இல்லாத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தோம்.

"அந்தத் தொரசாணிக்கு மூணு ஆம்புளப் புள்ளைங்க. படம் காட்டுச்சு. தக்காளி மாதிரி இருக்கானுங்க. ஒண்ணும் சாவலயாம். நோனா சொன்னாங்க."

"அதுக்கு?" என்றாள் இராஜகுமாரி.

"அந்தம்மாகிட்ட வித்தா என்னா?"

"வெள்ளக்காரிகிட்டயா? அவளுக்கு இந்த மொறையெல்லாம் என்னா தெரியும்?"

"நீதான் சிங்களம் தண்ணியாப் பேசுவியே. நோனாகிட்ட சொல்லு, நோனா அந்தம்மாகிட்ட சொல்லட்டும். பாலத்துக்கு அந்தாண்ட போய்ட்டு வரப்போகுது. அவ்வளவுதான."

"அந்த நோனா மூஞ்சியே எனக்குப் புடிக்கல."

"நோனாகிட்டயா விக்கச் சொல்றேன்?"

நான் ஒன்றுதான் சொன்னேன். "தூக்கிக்கிட்டுப் போறவளுக்குத் திரும்பி வார வழி தெரியணும். அத மொதல்ல பாருங்க."

இராஜகுமாரி என்னைப் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த பிள்ளையின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டு ஈறைத் தடவினாள். கீழே, நடுவில், விரல் நின்றது. மறுபடி தடவினாள். என் விரலையும் பிடித்து வைத்தாள். குருணை அரிசி ஒன்று தோலுக்கு அடியில் இருப்பது போல இருந்தது.

பழனிமுத்து வாயைத் திறந்தான். "பேசாத," என்றாள் அவள்.

வேன் அடுத்த தடவை வந்தபோது அவள் வரிசையில் நிற்கவில்லை. நேரே நோனாவிடம் போனாள். நான் பக்கத்தில் நின்றேன், அதனால் எனக்குத் தெரியும். ஒன்றையும் மறைக்கவில்லை அவள். மூன்று பிள்ளைகள் பல்லோடு போனதைச் சொன்னாள். தவிட்டைச் சொன்னாள். பாலத்தைச் சொன்னாள். வேறு வழியாகத் திரும்பிக் கொண்டுவந்து விட வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னாள். நோனா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பீங்களா?"

"இல்ல நோனா. யாரும் பாக்கக் கூடாது. எல்லாரும் செவத்தப் பாத்துத்தான் நிப்போம்."

"யாருமே பார்க்கமாட்டீங்களா?"

"யாருமே."

நோனா திரும்பித் தொரசாணியிடம் இங்கிலீசில் நீளமாகப் பேசினாள். தொரசாணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாலம் வரைக்கும் நடந்து வரப்போகிறவள் எதற்கு அழ வேண்டும்? அந்த நினைப்பு எனக்கு வந்தது. ஆனால் வெள்ளைக்காரர்கள் எங்கள் கூரையைப் பார்த்தும் அழுகிறவர்கள். கோழியைப் பார்த்தும் அழுவார்கள்.

லயத்து வாசலில் சுளகை வைத்தார்கள். கூட்டின குப்பை, காய்ந்த றப்பர் இலை, அதன் மேல் பிள்ளை. அது சிரித்தது. புது இடம் என்று நினைத்திருக்கும். இராஜகுமாரி வாங்கி வந்த தவிட்டையே பழனிமுத்து தொரசாணியின் இரண்டு கையிலும் கொட்டினான். அவளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை, விரல் சந்தில் சிந்தியது. இராஜகுமாரி முந்தானையை ஏந்தினாள். தவிடு அதில் விழுந்தது.

"வித்துட்டேன்," என்றாள் சிங்களத்தில். பிறகு எங்களுக்காகத் தமிழில், "எல்லாரும் கேட்டுக்கங்க. வித்துட்டேன்."

தொரசாணி பிள்ளையைத் தூக்கினாள். தலைமுடியில் ஒட்டியிருந்த இலையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். குப்பையைத் தட்டக்கூடாது. யாரோ முணுமுணுத்தார்கள். அதற்குள் இராஜகுமாரி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். நாங்களும் திரும்பினோம். மொத்த லயமும் திரும்பியது. மாவுக்கு வந்த மேல் லயத்து ஆட்களும் முறை தெரிந்தவர்கள், அவர்களும் திரும்பினார்கள்.

என் மூக்குக்கு முன்னால் சுண்ணாம்பு பெயர்ந்த சுவர். முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். கான் பாலத்துப் பலகை இரண்டு தடவை முனகியது. வேன் எப்போதும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும், மேலே வர வழி கிடையாது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு கதவு. பிறகு எஞ்சின்.

"குமாரி," என்றேன் சுவரைப் பார்த்தே. "வேன் கௌம்புது."

"வேற வழியாத்தானக்கா வரணும்," என்றாள். "ரோட்டு வழியா சுத்தி வாராங்க."

சத்தம் வளைவு வளைவாக இறங்கிப் போனது. எங்கோ கீழே ஹார்ன் ஒரு தடவை கேட்டது. அதற்குப் பிறகு கான் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

பிரிக்காத மாவு மூட்டைகள் வாசலில் கிடந்தன. வெயில் ஏறியது. ஒருத்தர் திரும்பினார், இன்னொருத்தர் திரும்பினார். பிள்ளைக்காரிகள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காம்பிராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். பழனிமுத்து பாலம் வரைக்கும் போய் நின்றான். இராஜகுமாரி மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றாள். மழை இறங்கியபோது நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"உள்ள வாடி."

"நீங்க திரும்பிட்டீங்களாக்கா?"

"திரும்பிட்டேன்."

"அப்ப சொல்லுங்க. வாராங்களா?"

நான் அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பழனிமுத்து வாடிவீட்டுக்குப் போய் வந்தான். கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்று அங்கே சமையல் செய்கிறவன் சொன்னானாம். நோனா திரும்பி வந்தாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் பொலிசுக்குப் போனோம். எழுபத்தேழு கலவரம் நடந்த மறுவருஷம் அது. எங்கள் ஆட்கள் பொலிசு வாசலை மிதிக்கவே பயப்பட்ட காலம். இராஜகுமாரி முந்தானையில் விழுந்த தவிட்டை ஒரு பொட்டு குறையாமல் துணியில் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

சார்ஜன் ஆளனுப்பி நோனாவைக் கூப்பிட்டான். அவளுக்கு நாற்காலி கொடுத்தான். நாங்கள் நின்றோம். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். எங்களைத் திட்டவில்லை, பிரஜாவுரிமை இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றோம்.

"கொழும்பில் நல்ல வீட்டில் இருக்கிறது அந்தப் பிள்ளை," என்றாள் நோனா. "பிளேனில் போகக் காகிதம் எல்லாம் நடக்கிறது. அத்தனை பேருக்கு முன்னால் விற்றார்கள். நான் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. இங்கே இருந்தால் செத்துவிடும் என்று இவளேதான் சொன்னாள்."

"அது சடங்கு மாத்தயா," என்றேன். "எங்க ஆளுங்க செய்றது. நெசமா விக்கிறது இல்ல. திரும்பிக் கொண்டாரணும்னு இவ ரெண்டு தரம் சொன்னா, நான் பக்கத்துல நின்னேன்."

"உன்னைக் கேட்கவில்லை. தாயைக் கேட்கிறேன்." சார்ஜன் இராஜகுமாரி பக்கம் திரும்பினான். "இங்கே பார். விற்கவில்லை, என் பிள்ளை என்று சொல். நான் எழுதிக்கொள்கிறேன். கொழும்புக்குப் போன் போடுகிறேன். பிள்ளை இங்கே வரும். சொல், விற்றாயா இல்லையா?"

பழனிமுத்து அவள் முழங்கையைத் தொட்டான். "சொல்லு குமாரி. எம்புள்ளனு சொல்லு."

அவள் சார்ஜனைப் பார்க்கவில்லை. நோனாவைப் பார்த்தாள்.

"பல்லு வந்துருச்சா நோனா?"

நோனா கொஞ்சம் தயங்கினாள். அதுவரைக்கும் அவள் தயங்கி நான் பார்த்ததில்லை.

"இன்னும் இல்லை. நேற்றிலிருந்து காய்ச்சல்."

இராஜகுமாரியின் கை தவிட்டு மூட்டையின் முடிச்சில் இருந்தது. அவிழ்க்கப்போகிறாள் என்று நினைத்தேன். மேசையில் கொட்டிவிட்டு, இந்தா உன் விலை, என் பிள்ளையைக் கொடு என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். பிள்ளையின் வாயிலிருந்து நோனாவின் கையை எடுக்கச் சொன்ன வாய் அது. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

"வித்துட்டேன் மாத்தயா," என்றாள்.

சார்ஜன் பேனாவைக் கீழே வைத்தான். "நன்றாக யோசித்துச் சொல்."

"வித்துட்டேன். என் புள்ள இல்ல. அந்தத் தொரசாணி புள்ள. நல்லா இருக்கட்டும்."

வெளியே வந்ததும் பழனிமுத்து ரோட்டோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அவள் அவன் தலைமயிரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள்.

"அழுவாத. அதுக்குக் கேக்கும்."

எதற்குக் கேட்கும் என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மலை ஏறும் வரைக்கும் மூன்று பேரும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

காய்ச்சல் விட்டதா, பல் வந்ததா, எந்த நாட்டுக்குப் போனது, ஒன்றும் தெரியவில்லை. நோனாவின் வேன் அதற்குப் பிறகும் வந்தது. ஹார்ன் கேட்டதும் கைக்குழந்தைகளை றப்பர் மலைக்குள் கொண்டுபோய் ஒளித்துவிட்டு, அதே பெண்கள் திரும்பி வந்து வரிசையில் நிற்பார்கள். நானும் நின்றேன். வயிறு மானம் பார்க்காது. இராஜகுமாரி மட்டும் வரமாட்டாள். அவளுக்கு நான் வாங்கின மாவில் ரொட்டி சுட்டுக் கொடுத்தால் தின்பாள், எங்கே வாங்கினது என்று கேட்கமாட்டாள்.

அதற்குப் பிறகு வேறு பிள்ளை அவளுக்குப் பிறக்கவில்லை. தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் பச்சையாகச் சொல்வாள். "மூணு செத்துச்சு. ஒண்ண வித்துட்டேன்." கேட்டவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பிள்ளை விற்றவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். ஒருத்தியை நான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தால் அடித்திருக்கிறேன். "அவ சொல்றது உண்மதானக்கா, ஏன் அடிக்கிறீங்க?" என்று என்னையே கேட்டாள் இராஜகுமாரி.

தவிடு நாளானால் புழு வைக்கும், சிக்கு நாறும். அதனால் வருஷா வருஷம் தை பிறந்ததும் பழையதைக் கானில் கொட்டிவிட்டு, தெரணியகலைக்குப் போய்ப் புதுசாக ஒரு கொத்து வாங்கிவந்து டின்னில் போட்டு மூடி வைப்பாள். பிள்ளை வந்தால் திரும்ப வாங்கக் கையில் விலை இருக்க வேண்டும் அல்லவா. மைமூனா விலையைக் குறைத்துச் சொன்னால் சண்டை பிடிப்பாள். கடையில் என்ன விலையோ அதைத்தான் கொடுப்பாள்.

எண்பத்திரண்டில் அவர்களுக்கு அக்கரைக் காகிதம் வந்தது. ஊருக்குப் புறப்படுகிற வாரத்தில் அந்த டின்னை என் காம்பிராவுக்குக் கொண்டுவந்தாள்.

"அக்கா, தொரசாணி கொண்டாந்தா இதக் குடுத்து வாங்கிக்கங்க."

"கொண்டாருவாளாடி?"

"கொண்டாந்தா."

"நான் ரெண்டப் பொதச்சவ. என் கை ஆகாதே."

"விக்கிற வாங்குற மொறையில மொதல்ல வாங்குறவளுக்குத்தான் அது. திரும்ப வாங்க எந்தக் கையும் ஆகும். ஆனா ஒண்ணு, கையில வாங்குற வரைக்கும் குமாரி புள்ளனு சொல்லிராதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? எனக்கு அப்பிடி ஒரு ஆளயே தெரியாது."

"அப்பிடித்தான் சொல்லணும்," என்றாள். உதட்டுத் தழும்பு இழுபடச் சிரித்தாள்.

டின் மூடியைத் திறந்து பார்த்தேன். தைக்கு வாங்கினதைக் கொட்டிவிட்டு, போகிறதற்காக மறுபடி புதுசு வாங்கியிருந்தாள். கப்பல் சாமானுக்கே காசு பற்றாமல் இருந்த நேரத்தில் இது என்ன விலை என்று கேட்டேன். மைமூனா கடையில் கொத்து ஒரு ரூபாய் எண்பது சதம்.